ஆர்கானா, நைட்ரஜனா, ஹீலியமா? லேபுக்கு பிளாஸ்மா கேஸ் முடிவு பண்றது எப்படி – தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராச்சும் புதுசா டெஸ்டிங் லேப் போடப்போறேன்னு சொன்னா, இல்ல காலேஜ்ல பெரிய மிஷினுக்கு ஃபண்ட் வந்திருக்குன்னு சொன்னா, மொத கேள்வியே எந்த கம்பெனி மிஷின் வாங்கலாம்ங்கறதாத்தான் இருக்கு. அந்தக் கேள்விய கடைசிக்கு தள்ளி வைங்க. மொதல்ல முடிவாக வேண்டியது, சாம்பிள அணு அணுவா உடைக்குற பிளாஸ்மா (கடுமையா சூடாகி அயனும் எலக்ட்ரானுமா பிரிஞ்ச கேஸ்) எந்த கேஸ்ல ஓடப்போகுதுங்கறது. கேஸ்னா ஏதோ மாசாமாசம் சிலிண்டர்க்காரனுக்கு குடுக்குற செலவுன்னு நெறய பேர் நெனைக்கிறாங்க, ஆனா உங்க மிஷினுக்கு எந்த தனிமம் தெரியும், எது தெரியவே தெரியாதுங்கறத தீர்மானிக்கறதே அந்த கேஸ்தான்.

நம்ம மாவட்டத்துல இதுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்ல. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமெல்லாம் போர் தண்ணில ஃபுளோரைடு இருக்குறது ஊரறிஞ்ச விஷயம், பல்லுல கறை விழுந்த பசங்கள பாக்காத ஆளு இங்க கெடையாது, அதுக்காகத்தான் ஜப்பான் ஜைக்கா கடன்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. கருங்கல் பாறைல இருக்குற பயோடைட், அப்படைட், ஃபுளோரைட் மாதிரியான கனிமங்கள்ல இருந்து அது தண்ணில கரைஞ்சு வருது. இப்ப ஒருத்தர் பெரிய தொகை போட்டு ஆர்கான்ல ஓடுற ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மால அணுக்கள அயனாக்கி, அதுங்க நிறைய வச்சு எண்ணுற மிஷின்) வாங்குறாருன்னு வைங்க, பிபிபிக்கும் (நூறு கோடில ஒரு பங்கு) கீழ ஈயத்தக்கூட அசால்ட்டா எண்ணிக் குடுக்குற மிஷின் அது. ஆனா இந்த ஊர்ல எல்லாரும் மொதல்ல கேக்குற ஃபுளோரைட அது காட்டாது. மிஷின் ரிப்பேர்னு அர்த்தம் இல்ல, ஆர்கானோட கொணமே அப்படி.

ஏன்னு புரிஞ்சுட்டா மிச்ச பாதி முடிவு தானா வந்துரும். அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

படி 1: என்ன தேடுறீங்கன்னு எழுதுங்க, பக்கத்துலயே லிமிட்டையும் எழுதுங்க

ஒரு வெள்ளப் பேப்பர் எடுத்து மூணு காலம் போடுங்க: எந்த சாம்பிள், எந்த தனிமம், எவ்ளோ வரைக்கும் பாக்கணும். குடிதண்ணின்னா ஐஎஸ் 10500 ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல ஆர்செனிக், ஈயம் ரெண்டுக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், கேட்மியத்துக்கு 0.003, ஃபுளோரைடுக்கு 1.0, வேற தண்ணிக்கு வழியே இல்லாட்டி 1.5 வரைக்கும். மாங்கூழ்னா ஈயம், ஆர்செனிக், தாமிரம், டப்பால அடைக்கிறதா இருந்தா தகரமும் சேத்துக்கணும். ராகி, புளி, தக்காளி வயல் மண்ணுன்னா துத்தநாகம், இரும்பு, போரான், பாஸ்பரஸ், சல்பர். ஓசூர் சிப்காட் பக்கம் ஃபவுண்டரி வேலைன்னா கார்பன், சல்பர், பாஸ்பரஸ், மாங்கனீசு.

இந்தப் பேப்பர் இல்லாம கொட்டேஷன் கேக்காதீங்க. சேல்ஸ்ல வர்றவங்க எழுவது தனிமம் பாக்கும் சார்னு சொல்வாங்க, சொல்றது பொய்யும் இல்ல, ஆனா உங்களுக்கு வேணுங்கற எட்டும் அந்த எழுவதுல இருக்கான்னு நீங்கதான் பாக்கணும்.

படி 2: அந்த லிஸ்ட்டுல ஒவ்வொண்ணுக்கும் அயனாக்க ஆற்றல் எழுதுங்க

ஒரு அணுவுல இருந்து ஒரு எலக்ட்ரான உருவுறதுக்கு எவ்ளோ ஆற்றல் வேணுமோ அதான் அயனாக்க ஆற்றல், அளவு எலக்ட்ரான் வோல்ட்ல. பொட்டாசியம் 4.34, சோடியம் 5.14, கால்சியம் 6.11, ஈயம் 7.42, கேட்மியம் 8.99, துத்தநாகம் 9.39, செலினியம் 9.75, ஆர்செனிக் 9.8, பாதரசம் 10.44, குளோரின் 12.97, ஃபுளோரின் 17.42. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் கேஸ். ஆர்கான் 15.76, நைட்ரஜன் மூலக்கூறு 15.58 (அதுவே உடைஞ்சு தனி அணுவானா 14.53), நியான் 21.56, ஹீலியம் 24.59.

ஒரு கேஸ் பிளாஸ்மால, அந்த கேஸோட நம்பருக்கு நல்லா கீழ இருக்குற தனிமம் சுலபமா அயனாகும், கிட்ட வர வர கஷ்டம், மேல போனா நடக்காத காரியம். ஆர்கான் ஐசிபில (ரேடியோ அலை பவர்ல ஓடுற பிளாஸ்மா) 7500 கெல்வின் வச்சு கணக்குப் போட்டா ஈயம் 97 சதவீதம், கேட்மியம் 85, ஆர்செனிக் 52, பாதரசம் 38, செலினியம் 33, குளோரின் ஒரு சதவீதத்துக்கும் கம்மி, ஃபுளோரின் 0.0009 சதவீதம். அதாவது பத்து லட்சம் ஃபுளோரின் அணு உள்ள போனா ஒம்போதுதான் அயனாகுது. சரி அந்த ஒம்போதையாவது எண்ணலாம்னா, ஃபுளோரினோட நிறை 19, தண்ணி சாம்பிள் ஓடும்போது வர்ற ஹைட்ரோனியம் அயனோட நிறையும் 19, கூட்டத்துல அந்த ஒம்போதும் காணாமப் போயிரும்.

அதனால ஃபுளோரைடு மட்டும்தான் உங்க வேலைன்னா பிளாஸ்மா பக்கமே வராதீங்க. லாந்தனம் ஃபுளோரைடு படிகம் வச்ச எலக்ட்ரோடு, சாம்பிளோட அமிலத்தன்மைய ஒரே நிலைல வைக்குற டிசாப் பஃபர், ஒரு மீட்டர், இல்ல அயன்கள தனித்தனியா பிரிச்சு அளக்குற அயன் குரோமட்டோகிராஃபி, வேல முடிஞ்சுது. ஆர்கான் எம்எஸ்லயும் சுத்து வழி ஒண்ணு இருக்கு, பேரியம் கரைசல் கலந்து விட்டா பேரியம் ஃபுளோரைடு அயன் நிறை 157ல வரும், ரெண்டு தடவ நிறை பிரிக்குற டிரிபிள் குவாட் எம்எஸ்ல அத பாக்கலாம், ஆராய்ச்சிக்கு அருமையான முறை. தெனமும் ஐம்பது போர் தண்ணி பாட்டில் வர்ற எடத்துக்கு இது தேவையில்லாத வேலன்னுதான் சொல்வேன்.

படி 3: ஆர்கான் ஏன் எல்லாருக்கும் பொதுவா ஆச்சு

1964ல இங்கிலாந்துல கிரீன்ஃபீல்டு குரூப்பும், 1965ல அமெரிக்கால ஃபாஸல் குரூப்பும் தனித்தனியா ஐசிபிய பகுப்பாய்வுக்கு கொண்டு வந்தாங்க, 1980ல ஹூக்கும் ஃபாஸலும் அத மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோட சேத்து எழுதுனாங்க. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் ஆர்கான்தான் ராஜா.

காரணம் மூணு. ஒண்ணு, அது ஒத்த அணுவா இருக்குற கேஸ், உடைக்கறதுக்குன்னு தனியா ஆற்றல் செலவு இல்ல, குடுக்குற 1 முதல் 1.5 கிலோவாட் பவர் நேரா சூடாகவும் அயனாகவும் போகுது. ரெண்டு, வெப்பத்த ரொம்ப மெதுவா கடத்தும், அதனால நடுவுல 6000 முதல் 10000 கெல்வின் இருந்தாலும் சுத்தி இருக்குற குவார்ட்ஸ் டார்ச் உருகாம நிக்குது. மூணு, காத்துல 0.93 சதவீதம் இருக்கு, ஆக்சிஜன் பிளான்ட்டுலயே கூட பிரிஞ்சு வருது, அதனால அரிய வாயுவுல இதான் விலை கட்டுபடியாகுறது.

ஹீலியத்துக்கு 24.59 இருக்கே, அதுலயே ஓட்டுனா ஃபுளோரினும் வந்துருமேன்னு கேப்பீங்க. வரும், நெசமாவே வரும். 1976ல பீனாக்கர் செஞ்ச மைக்ரோவேவ் குழில சாதாரண காத்தழுத்தத்துலயே சின்னதா ஹீலியம் பிளாஸ்மா ஓட்டுனாங்க, அது கேஸ் குரோமட்டோகிராஃபிக்கு டிடெக்டராவும் ஆச்சு, ஃபுளோரின் 685.6 நானோமீட்டர்ல சிவப்பா ஒளிவிடுறத, குளோரின், புரோமின எல்லாம் அதுல நல்லா பாக்கலாம். ஆனா அதுக்குள்ள ஈரமான சாம்பிள் புகைய விட்டா அணைஞ்சு போயிரும், அவ்ளோ நோஞ்சான். பெருசா ஓட்டலாம்னா ஹீலியம் ஆர்கானவிட எட்டு மடங்குக்கு மேல வெப்பம் கடத்தும், சூடு பூரா டார்ச் சுவருக்கே போகும். அதுக்கு மேல விலை. ஹீலியம் காத்துல இருந்து பிரிச்சு எடுக்குற சரக்கு இல்ல, இயற்கை எரிவாயுக் கிணத்துல இருந்து வர்றது, நமக்கு பெரும்பாலும் கப்பல்ல வரணும். தண்ணி, மண்ணு, மாங்கூழ் பாக்குற லேபுக்கு பிளாஸ்மா கேஸா ஹீலியம் வேண்டாம். வேற ஒரு எடத்துல சின்ன அளவுல வேணும், அத படி 6ல சொல்றேன்.

படி 4: நைட்ரஜன் – நம்ம பக்கத்துக்கு யோசிக்க வேண்டிய ஆப்ஷன்

2011ல அஜிலென்ட் கம்பெனி எம்பி-ஏஈஎஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, மைக்ரோவேவ்ல ஓடுற நைட்ரஜன் பிளாஸ்மா, தனிமம் விடுற வெளிச்சத்த வச்சு அளக்கும். நைட்ரஜன வெளிய வாங்க வேண்டியதில்ல, கம்பிரசரும் ஜெனரேட்டரும் வச்சா நம்ம ரூம் காத்துலயே 78 சதவீதம் இருக்கு, அதுல இருந்தே எடுத்துக்கும். பத்த வைக்கும்போது மட்டும் சில செகண்டு ஆர்கான் வேணும், நைட்ரஜன்ல நேரா பொறி பிடிக்காது, ஆர்கான்ல புடிச்சதும் வால்வு தானா நைட்ரஜனுக்கு மாறிக்கும். ஒரு ஆர்கான் சிலிண்டர் மூலைல கட்டி வச்சா அது பாட்டுக்கு ரொம்ப நாளு கெடக்கும்.

குறை எங்கன்னா, நைட்ரஜன் ரெண்டு அணு சேந்த மூலக்கூறு, அந்தப் பிணைப்ப உடைக்கவே 9.76 எலக்ட்ரான் வோல்ட் கேக்கும். ஈர வெறக அடுப்புல வச்சா மொதல்ல தண்ணி காயுறதுக்கே பாதி சூடு போயிருமே, அந்தக் கதைதான் இங்கயும். அதனால எம்பி-ஏஈஎஸ் பிளாஸ்மா சுமார் 5000 கெல்வின்லதான் நிக்கும், ஐசிபி அளவு சூடு வராது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், தாமிரம், மாங்கனீசு மாதிரி லேசா தூண்டப்படுற ஆளுங்களுக்கு 5000 தாராளம். மண்ணு டெஸ்டு, உர டெஸ்டு, பாசனத் தண்ணி டெஸ்டு மட்டும் பண்ற லேபுன்னா இத கண்ண மூடிட்டு வாங்கலாம்னே சொல்வேன்.

ஆர்செனிக், செலினியம் விஷயத்துல அது தடுமாறும். குடிதண்ணி லிமிட்டு 10 பிபிபி, அந்த அளவுக்கு சாதாரண நெபுலைசர் (கரைசல நுண்ணிய புகையாக்கி உள்ள விடுறது) வச்சு நம்பி கையெழுத்துப் போட முடியாது, ஹைட்ரைடு ஜெனரேஷன் (அந்தத் தனிமத்த வாயுவாக்கி உள்ள விடுற முறை) சேத்தாத்தான் ஒப்பேறும். இன்னொண்ணு, சோடியமும் பொட்டாசியமும் ஜாஸ்தியா இருக்குற சாம்பிள்ல அதுங்களே எலக்ட்ரான அள்ளி விட்டு மத்த தனிமத்தோட சமநிலைய கலைச்சு விட்டுரும், ஆர்கான்லயும் இது உண்டு, நைட்ரஜன்ல ஜாஸ்தி. மாங்கூழ்ல பொட்டாசியம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். எல்லா ஸ்டாண்டர்டுலயும் சாம்பிள்லயும் ஒரே அளவு சீசியம் கரைசல் போட்டு வச்சா அந்த ஆட்டம் அடங்கும்.

படி 5: வெளிச்சத்துல பாக்குறதா இருந்தா பேக்ரவுண்டு பாருங்க

ஒவ்வொரு கேஸும் தன்னோட சொந்த வெளிச்சத்தையும் போடும், அதுக்கு நடுவுலதான் உங்க தனிமத்தோட கோட்ட (அது ஒளிவிடுற குறிப்பிட்ட அலைநீளம்) தேடணும். நைட்ரஜன் பிளாஸ்மால 337 நானோமீட்டர்லயும் 391லயும் நைட்ரஜன் பட்டை, 200ல இருந்து 280 சொச்சம் வரைக்கும் நைட்ரிக் ஆக்சைடு பட்டை, கரிமம் ஏதாச்சும் உள்ள போனா 388ல சயனோஜன் பட்டை. அதனாலதான் ஈயத்துக்கு ஐசிபில எல்லாரும் எடுக்குற 220.353 கோட்ட எம்பி-ஏஈஎஸ்ல விட்டுட்டு 405.8க்கு போறாங்க. ஐசிபி மெத்தட அப்படியே காப்பி அடிச்சு நைட்ரஜன் மிஷின்ல போட்டா வேலைக்காகாது, கோட்டையே மாத்தணும்.

கேஸோட ரெண்டாவது வேல ஒண்ணு இருக்கு, இத கொட்டேஷன்ல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. சுமார் 200 நானோமீட்டருக்கு கீழ காத்துல இருக்குற ஆக்சிஜன் வெளிச்சத்த முழுங்கிரும். பாஸ்பரஸ் 177.4, சல்பர் 180.7, தகரம் 189.9, மூணுமே அந்த ஏரியா. அதனால கண்ணாடி, கிரேட்டிங் (வெளிச்சத்த அலைநீளமா பிரிக்குற தகடு) இருக்குற பெட்டிக்குள்ளயும் நைட்ரஜனோ ஆர்கானோ ஓடிட்டே இருக்கணும், அதுக்குப் பேர்தான் பர்ஜ். டப்பா மாங்கூழ்ல தகரம் பாக்குறவங்க இத கவனிங்க, பர்ஜ் சரியா இல்லன்னா தகரம் கம்மியாத்தான் காட்டும், பார்ட்டி சந்தோஷமா ரிப்போர்ட்ட வாங்கிட்டு போயிருவாரு. காலைல மிஷின போட்ட உடனே ஓட்டாம பர்ஜ் நிறையற வரைக்கும் காத்திருங்க.

படி 6: எம்எஸ்னா, கேஸ் போடுற போலி முகம்

வெளிச்சத்துல பேக்ரவுண்டுன்னா நிறைல வேஷம். ஆர்கான் நிறை 40, அது சாம்பிள்ல இருக்குற மத்ததோட ஒட்டிக்கிட்டு புது அயனா வந்து நிக்கும். ஆர்கானும் ஆக்சிஜனும் சேந்தா 56, அதான் இரும்பு. ஆர்கானும் கார்பனும் 52, அது குரோமியம். ரெண்டு ஆர்கான் 80, செலினியத்தோட பெரிய ஐசோடோப்பு (ஒரே தனிமத்துல வேற வேற நிறை உள்ள அணு வகை) அங்கதான் இருக்கு. ஆர்கானும் குளோரினும் 75, ஆர்செனிக்குக்கு இருக்குறதே அந்த ஒரே ஐசோடோப்பு, தப்பிச்சு ஓட வேற எடமே இல்ல.

நம்ம ஊர் போர் தண்ணில குளோரைடு சும்மாவே ஜாஸ்தி. உப்புத் தண்ணி ஒண்ணுல ஆர்செனிக் 12 பிபிபின்னு வந்துச்சுன்னா உடனே ஊர பயமுறுத்தாதீங்க. மொதல்ல ஆர்செனிக்கே இல்லாத சுத்தமான உப்புக் கரைசல் ஒண்ணு அதே குளோரைடு அளவுல தயார் பண்ணி ஓட்டிப் பாருங்க, அதுலயும் எட்டோ ஒம்போதோ வந்தா நீங்க எண்ணிட்டு இருந்தது ஆர்கான் குளோரைட. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல டைஜஸ்ட் பண்ண (சிதைச்சுக் கரைச்ச) சாம்பிளுக்கும் இதே கததான்.

இதுக்குத்தான் கொலிஷன் செல், அயனுங்க எண்ணுற எடத்துக்கு போற வழில இருக்குற மோதல் அறை, இங்கதான் ஹீலியம் வர்றது. நிமிஷத்துக்கு நாலஞ்சு மில்லிலிட்டர் ஹீலியம் செல்லுக்குள்ள விடுவோம், ஆர்கான் குளோரைடு மாதிரி கூட்டணி அயன் உடம்பு பெருசு, ஜாஸ்தி தடவ மோதி வேகம் இழந்துரும், தனி அணுவா இருக்குற ஆர்செனிக் கம்மியா மோதி தடுப்ப தாண்டிரும். செலவும் ஒண்ணுமில்ல, லீக்கு இல்லாம இருந்தா ஒரு சிலிண்டர் ஒரு வருஷத்துக்கு மேல தாராளமா வரும். சீக்கிரம் தீருதுன்னா மிஷின் குடிக்கல, எங்கயோ ஃபிட்டிங் ஒழுகுது.

ரெண்டு ஆர்கான் சேந்த 80க்கு ஹீலியம் அவ்ளோ பத்தாது, அங்க ஹைட்ரஜன் விட்டா அது வேதிவினைலயே அந்த ஜோடிய பிரிச்சுரும். டிரிபிள் குவாட் மிஷின்ல ஆக்சிஜன் விட்டு ஆர்செனிக்க ஆர்செனிக் ஆக்சைடாக்கி 91ல எண்ணுறது இன்னொரு வழி, இருக்குறதுலயே சுத்தமானது.

நைட்ரஜன் பிளாஸ்மால எம்எஸ் ஓட்டுனா ஆர்கானே இல்ல, அதனால 75, 80, 40 எல்லாம் காலி. ஆனா சும்மா விடுமா, 28ல நைட்ரஜன் மூலக்கூறு உக்காந்து சிலிக்கான மறைக்கும், 30ல நைட்ரிக் ஆக்சைடு அயன் மலை மாதிரி நிக்கும், அதோட வால் 31ல பாஸ்பரஸையும் தொடும். எந்த கேஸ் போட்டாலும் ஏதோ ஒரு நிறைல தன் காலடிய வச்சுட்டுத்தான் போகும், உங்க லிஸ்ட்டுல இல்லாத நிறைல வைக்குற கேஸ எடுங்க, அவ்ளோதான் சூட்சுமம்.

படி 7: சாம்பிள்ல கரி இருந்தா

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் சீசன்ல சாம்பிள் குவியும். நைட்ரிக் ஆசிட்ல டைஜஸ்ட் பண்ணாலும் கொஞ்சம் கார்பன் கரைஞ்சே கெடக்கும், கரைசல் லேசா மஞ்சளா இருந்தா அதான் அர்த்தம். கார்பனோட அயனாக்க ஆற்றல் 11.26 எலக்ட்ரான் வோல்ட், ஆர்கான் பிளாஸ்மால அயனான கார்பன் பக்கத்துல இருக்குற ஆர்செனிக், செலினியத்துல இருந்து எலக்ட்ரான புடுங்கி அதுங்கள அயனாக்கி விடும். விளைவு, உள்ளத விட ஜாஸ்தியா காட்டும். இதுல ஹீலியம் செல் உதவவே உதவாது, ஏன்னா வர்றது அசல் ஆர்செனிக் அயன்தான், போலி கெடையாது. ஸ்டாண்டர்டு, சாம்பிள் எல்லாத்துலயும் ஒரே அளவு ஐசோபுரொப்பனால் மாதிரி ஏதாச்சும் கார்பன் கலந்து ஓட்டுறது வழி, இல்லன்னா மைக்ரோவேவ் டைஜஷன்ல சூட்ட ஏத்தி கார்பன நல்லா தீத்துக்கட்டுங்க.

எண்ணெய், கரைப்பான் நேரா ஓட்டுறவங்களுக்கு கேஸ் கலவையே மாறும். ஆர்கான் பிளாஸ்மாவுக்குள்ள சைலீன் போனா நடுவுல பச்சையா ஒரு நாக்கு நீளும், கார்பன் ஜோடியோட வெளிச்சம் அது, கொஞ்ச நேரத்துல இன்ஜெக்டர் (சாம்பிள் பிளாஸ்மாவுக்குள்ள வர்ற குழாய்) நுனில கரி படியும். ஆர்கானோட கொஞ்சமா ஆக்சிஜன் சேத்து விட்டா அந்தக் கரி எரிஞ்சுரும், பச்ச நாக்கு சுருங்குறத பாத்துக்கிட்டே ஆக்சிஜன மெல்ல ஏத்துங்க, சுருங்கி நின்ன எடத்துல நிறுத்துங்க. எம்எஸ்னா ஆக்சிஜன் விடுறதுக்கு முன்னாடி பிளாஸ்மால இருந்து அயன உள்ள எடுக்குற நிக்கல் கோன கழட்டிட்டு பிளாட்டினம் மாட்டணும், நிக்கல் தாங்காது. நைட்ரஜன் மிஷின்ல இதே வேலைக்கு காத்து கலப்பாங்க.

ஓசூர் ஃபவுண்டரிக்காரங்களுக்கு மட்டும்

ஸ்பார்க் மிஷின்லயும் இதே ஆர்கான்தான், திரவம் கெடையாது, உலோகத்துல நேரா பொறி. இங்க கேஸ் கெட்டுப்போச்சான்னு தெரிஞ்சுக்க கருவியே வேண்டாம், பொறி விழுந்த எடத்த பாருங்க. நடுவுல நல்லா உருகுன குழி, சுத்தி கறுப்பு வளையம், அப்படின்னா ஆர்கான் சுத்தம். வெள்ளையா, பரவலா, ஆழமில்லாம இருந்தா ஆக்சிஜனோ ஈரமோ உள்ள வந்துருச்சு, இல்ல சாம்பிள் சரியா உக்காராம காத்து புகுந்துருச்சு. அந்த ஷாட்ட கணக்குல சேக்காதீங்க. கார்பன் 193.0, சல்பர் 180.7, பாஸ்பரஸ் 178.2, மூணும் ஆக்சிஜன் முழுங்குற ஏரியாலதான், அதனால மொதல்ல தடுமாறுறதும் இந்த மூணுதான். 99.999 சதவீத ஆர்கான் கேளுங்க, வெல்டிங் ஆர்கான வாங்கி ஓட்டுற ஆளும் இருக்காங்க, சிலிண்டர் ஒண்ணா இருக்குறதால உள்ள இருக்குறதும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறது.

படி 8: கேஸ் கணக்கு

ஐசிபில மூணு ஓட்டம்: வெளி வட்டத்துல பிளாஸ்மா கேஸ் நிமிஷத்துக்கு 12 முதல் 15 லிட்டர், நடுவுல ஆக்சிலரி 1 லிட்டர் சொச்சம், நெபுலைசர் 1 லிட்டருக்கு கொஞ்சம் கீழ. மொத்தம் 17ன்னு வைங்க, புது மிஷின் சிலது இத விட கம்மியாவும் குடிக்கும். ஒரு பெரிய சிலிண்டர்ல 7 கன மீட்டர், அதாவது 7000 லிட்டர். வகுத்தா 411 நிமிஷம், கடைசி சொட்டு வரைக்கும் உறிய முடியாது, ஆக ஆறு மணி நேரம். தெனமும் ஒரு சிலிண்டர்! ஓட்டத்துக்கு நடுவுல சிலிண்டர் தீந்தா பிளாஸ்மா அணையும், அன்னிக்கு கேலிபிரேஷன் திரும்ப மொதல்லேர்ந்து.

திரவ ஆர்கான் டூவார் (சூடு உள்ள போகாத ரெட்டைச் சுவர் கலன்) 180 லிட்டர்னா, ஒரு லிட்டர் திரவம் 800 லிட்டருக்கு மேல கேஸாகும், சுமார் 140 மணி நேரம் ஓடும். கேக்க அருமையா இருக்கும். ஆனா மைனஸ் 186 டிகிரில கொதிக்குற சரக்கு, நீங்க ஓட்டுனாலும் ஓட்டாட்டியும் தெனம் கொஞ்சம் ஆவியாகிட்டே இருக்கும். வாரம் பூரா ஓடுற லேபுக்கு டூவார், வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுற காலேஜுக்கு சிலிண்டர் மேனிஃபோல்டு (பல சிலிண்டர ஒண்ணா சேக்குற பைப்). வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டிட்டு டூவார் வாங்குனா பாதி பணம் சேஃப்டி வால்வு வழியா ஆகாசத்துக்கு போகும்.

லாரி எங்கிருந்து வரும்னும் கேளுங்க. ஓசூர்ல தொழிற்சாலை இருக்குறதால அங்க சப்ளை சுலபம், அரூர், பென்னாகரம் பக்கம்னா ஆர்டர் போட்டு காத்திருக்கணும். அந்தத் தூரமே சில லேபுக்கு நைட்ரஜன் ஜெனரேட்டர் பக்கம் முடிவ தள்ளி விட்டுரும், தப்பில்ல. எம்பி-ஏஈஎஸ் நிமிஷத்துக்கு 20 லிட்டர் சொச்சம் நைட்ரஜன் குடிக்கும், ஆனா செலவு கம்பிரசர் ஓடுற கரண்டுதான். கிரானைட் பட்டறை பக்கத்துல லேப் இருந்தா கம்பிரசர் காத்து இழுக்குற எடத்துல ஃபில்டர் ஜாஸ்தி போடுங்க, அந்த மாவு எல்லாத்துக்குள்ளயும் போகும்.

படி 9: சுத்தம், பைப், உயிர்

பைப்பு செம்புல இல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல போடுங்க. பிளாஸ்டிக் டியூப்ல கேஸ் வெளிய போறத விட ஈரமும் ஆக்சிஜனும் உள்ள வர்றதுதான் பிரச்சன.

ஆர்கான்ல வர்ற அழுக்குல யாரும் கண்டுக்காத ஒண்ணு கிரிப்டான். அது 82, 83, 84, 86 நிறைல இருக்கும். செலினியம் 82ல பாக்குற லேபுல புது லோடு மாட்டுன அன்னிக்கு பிளாங்கே (சாம்பிள் இல்லாத வெறும் ஆசிட் கரைசல்) திடீர்னு ஏறிச்சுன்னா ஆசிட்ட சந்தேகப்படுறதுக்கு முன்னாடி 83அ ஒரு தடவ பாருங்க, அங்கயும் ஏறியிருந்தா சரக்குலதான் கோளாறு. செல்லுல ஹீலியம் விட்டாலும் இது போகாது, கிரிப்டானும் தனி அணுதான்.

சிலிண்டர் நிறம் பாத்து மாட்டாதீங்க. ஆர்கான் நீலம், நைட்ரஜன் சாம்பல் உடம்பு கறுப்புக் கழுத்துன்னு வழக்கம் இருந்தாலும் பெயின்ட் உரிஞ்சு மேல பூசுன சிலிண்டர் எத்தனையோ சுத்துது, லேபிள படிங்க, டெஸ்ட் தேதி பாருங்க, செவுத்தோட சங்கிலி போட்டு கட்டுங்க. ஆர்கான் காத்த விட கனம், கசிஞ்சா தரையோட தங்கும், வாசனை இல்ல, மூச்சு முட்டுற உணர்வுகூட வராம ஆள் மயங்கிருவாங்க. ஏசிக்காக ஜன்னல் எல்லாம் அடைச்ச சின்ன ரூம்ல டூவார் வைக்கவே கூடாது. ஆக்சிஜன் சென்சார இடுப்புக்கு கீழ மாட்டுங்க. யாராச்சும் விழுந்து கெடந்தா உடனே உள்ள ஓடாதீங்க, கதவத் தொறந்து காத்து விட்டுட்டு, ஆளக் கூப்பிட்டுட்டு அப்புறம் போங்க.

படி 10: கேஸ் மாத்துன அன்னிக்கு பாக்க வேண்டியது

சிலிண்டர் மாத்துனாலும் சரி, ஓட்டத்த கூட்டிக் கொறச்சாலும் சரி, பிளாஸ்மா பழைய நிலைலதான் இருக்கான்னு நம்பர்ல பாக்கணும்.

ஐசிபி-ஓஈஎஸ்ல (வெளிச்சத்த வச்சு அளக்குற ஐசிபி) மெக்னீசியம் 280.270க்கும் 285.213க்கும் உள்ள விகிதம். 8க்கு மேல இருந்தா பிளாஸ்மா தெம்பா இருக்கு, கீழ எறங்குனா நெபுலைசர் கேஸ் ஜாஸ்தி, இல்ல பவர் கம்மி. எம்எஸ்ல சீரியம் ஆக்சைடு 156க்கும் சீரியம் 140க்கும் உள்ள விகிதம், பொதுவா 2, 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ஏறுனா பிளாஸ்மா குளிர்ந்திருக்கு.

கண்ணாலயே பாக்கணும்னா 1000 பிபிஎம் இட்ரியம் கரைசல் ஒண்ணு வச்சுக்கங்க. அத விட்டதும் டார்ச் நடுவுல செவப்பா ஒரு தோட்டா தெரியும், அதுக்கு மேல நீலம். செவப்பு வர்றது இட்ரியம் இன்னும் முழுசா உடையாத குளிர்ந்த பகுதி, நீலம் அயனான பகுதி. நெபுலைசர் கேஸ கொஞ்சம் ஏத்துங்க, தோட்டா மேல நீளும், கொறச்சா சுருங்கி இன்ஜெக்டர் பக்கம் எறங்கும். உங்க மிஷின் மேனுவல்ல தோட்டா நுனி எங்க நிக்கணும்னு படம் இருக்கும், அந்த உயரத்துக்கு கொண்டு வந்து, அந்த ஓட்டத்தோட நம்பர நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. அடுத்த சிலிண்டர்ல அதே உயரத்துக்கு 0.1 லிட்டர் வித்தியாசம் வந்துச்சுன்னா கேஸ குத்தம் சொல்றதுக்கு முன்னாடி நெபுலைசர் நுனிய கழட்டிப் பாருங்க, முக்காவாசி நேரம் அங்க உப்பு அடைச்சிருக்கும். இட்ரியத்த ஓட்டி முடிச்சதும் நல்லா அலசி விட்டுருங்க, இன்டர்னல் ஸ்டாண்டர்டா (எல்லா கரைசல்லயும் ஒரே அளவு கலந்து ஒப்பிடுற தனிமமா) இட்ரியம் போடுற லேபுன்னா அன்னிக்கு பூரா அது தொல்ல குடுக்கும்.